பெட்டி யாருடையது

பாட்டுப் பதிவுக்கான மென்பொருள் செய்துவந்த சின்னக் கம்பெனி ஒன்றைப் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் மனசுக்குள் ஏதோ இடறுகிறது. விற்றவரையும் எனக்குத் தெரியாது, வாங்கியவரையும் தெரியாது. ஹாம்பர்க்கிலோ பாஸ்டனிலோ லண்டனிலோ கையெழுத்தாகும் பத்திரம், போடிநாயக்கனூரில் மேற்கு மலையைப் பார்த்தபடி வாழ்கிற ஒருவனை ஏன் இப்படித் தொந்தரவு செய்ய வேண்டும்? விலை ஏறிவிடும் என்கிற பயம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கைமாறிய பிறகு விலை பாதிக்கும் கீழே இறங்கிய கதைகளும் உண்டு. அவற்றைக் கேட்டாலும் உறுத்தல் அடங்குவதில்லை. அந்த மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே மாதிரித்தான் பேசுகிறார்கள். துக்க வீட்டுத் திண்ணையில் கேட்கிற பேச்சு அது. ரொம்ப நாளாகவே முடியாமல்தான் இருந்தது என்கிறார் ஒருவர். நல்லதே நடக்கும், பொறுத்திருப்போம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார். நான் யோசித்துக்கொண்டிருப்பது அந்த மூன்றாமவரைப் பற்றித்தான்.

எனக்குத் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றின் மாடியில் சின்னதாக ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறார். கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிக்கிறார்கள். பச்சை மங்காத பெரிய காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம், நிறம் வெளுத்தது இன்னொரு பக்கம். சல்லடை ஆடுகிற சத்தம் தரையின் வழியாக மேலே ஏறி மைக்கில் விழும் என்பதால், கிட்டங்கி அடைத்த பிறகுதான் அவர் குரல் பதிவு செய்வார். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் பாட்டு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பாட்டு. அறைக்குள் எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் ஏலக்காய் வாசனைதான் ஜெயிக்கும். கீபோர்டின் கட்டைகளில்கூட அந்த வாசனை இருக்கிறது. அவர் வேலை செய்யும்போது திரையைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். எந்த விசையை அழுத்தினால் தாளம் வெட்டுப்படும், எதை அழுத்தினால் குரல் அரை மாத்திரை முன்னே நகரும் என்பதெல்லாம் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பழகிய மென்பொருளின் கம்பெனி விற்பனையாகிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று அவர் யாரிடமும் கோபப்படவில்லை. எழுந்து போய் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட் வயரை உருவி, சுருட்டி, மேஜை இழுப்பறையில் போட்டார். அப்டேட் எதுவும் உள்ளே வரக் கூடாது, லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் வெளியிலிருந்து கேட்கக் கூடாது. இன்றுவரை அந்த இயந்திரம் அப்படியே உலகத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் பென் டிரைவில் எடுத்து வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகிறார்.

இதைப் பிடிவாதம் என்று ஒதுக்க முடியவில்லை. நடந்திருப்பவற்றைப் பார்த்தால் அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. 2002 ஜூலை முதல் தேதி, ஹாம்பர்க் அருகே இருந்த இமேஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது. லாஜிக் என்ற மென்பொருள் அவர்களுடையது. ஏ.ஆர். ரஹ்மான் நீண்ட காலமாக அதில் வேலை செய்பவர் என்பதால் தமிழ்நாட்டில் கீபோர்டு பழகிய பையன்கள் அந்தப் பெயரை ஒரு கனவைப் போலச் சொல்லிக்கொண்டிருந்த காலம். வாங்கிய அறிவிப்போடு கூடவே இன்னொன்றும் வந்தது: வின்டோஸில் ஓடும் லாஜிக் அந்த செப்டம்பர் 30 உடன் நிறுத்தப்படும். காசு கொடுத்து வாங்கி, வின்டோஸ் கம்ப்யூட்டரில் தன் பாட்டையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவருக்கு மூன்று மாதம். அதற்கப்புறம் ஒன்று ஆப்பிள் இயந்திரம் வாங்க வேண்டும், இல்லை வேறு மென்பொருளைப் புதிதாகப் பழக வேண்டும். தேனி மாவட்டத்தில் அன்றைக்கு ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் மதுரைக்குப் பஸ் ஏறி, உதிரி பாகம் வாங்கி, கூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டர்களை வைத்திருந்தவர்கள். ஆப்பிள் இயந்திரம் அவர்கள் கணக்கிலேயே வராத பொருள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஆப்பிள் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கைமாற்றம் நல்லதாகவே முடிந்தது. 2004இல் 999 டாலர் இருந்த லாஜிக், 2007இல் 499 ஆனது, 2011இல் 199 ஆனது. கம்ப்யூட்டரில் செருகி வைத்தால்தான் ஓடும் என்றிருந்த சாவியும் 2007இல் ஒழிந்தது. ஆகவே வாங்குகிறவன் கெட்டவன், விற்கிறவன் துரோகி என்று கதை கட்ட நான் தயாரில்லை. எனக்கு உறுத்துவது நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்பதல்ல. இரண்டுமே அந்த மனிதர்களைக் கேட்காமல் நடந்தன என்பதுதான்.

கேக்வாக் கதையை நினைத்தால் இந்த உறுத்தல் இன்னும் கூர்மையாகிறது. 1987இல் கிரெக் ஹெண்டர்ஷாட் என்ற ஒரு தனி மனிதர் எழுதித் தொடங்கிய மென்பொருள் அது. பிறகு கீபோர்டு செய்கிற ரோலண்டின் கைக்குப் போனது. 2013இல் கித்தார் செய்கிற கிப்ஸன் வாங்கியது. 2016இல், ஒருமுறை பணம் கட்டினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம் என்று சொல்லி விற்றார்கள். அதை நம்பிப் பலர் பணம் கட்டினார்கள். 2017 நவம்பர் 20 அன்று, இனி இதை நாங்கள் உருவாக்கப் போவதில்லை என்று கிப்ஸன் அறிவித்துவிட்டது. அடுத்த மே மாதம் கிப்ஸனே திவால் மனு போட்டது. இடையில் 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் கேக்வாக்கை வாங்கி, எல்லோருக்கும் இலவசம் என்று கொடுத்தது. ஆயுள் சந்தாவுக்குக் காசு கட்டியவர் அந்தச் செய்தியைப் படித்தபோது அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தன் பழைய பாட்டுகள் மறுபடி திறக்கும் என்ற நிம்மதி இருந்திருக்கும். நேற்று வரை தான் கட்டிய காசுக்கு என்ன பொருள் என்ற கேள்வியும் இருந்திருக்கும். 2023இல் அந்த இலவசப் பதிப்புக்கும் முடிவு சொல்லி, வேறு பெயரில் புதியது வருகிறது என்றார்கள். பிரிட்டனில் ஃபின் என்ற இரட்டையர் எழுதிய சிபேலியஸ் இன்னொரு உதாரணம். இசையைக் குறிப்பாக எழுதுகிற மென்பொருள் அது. 2006இல் அதை அவிட் என்ற நிறுவனம் வாங்கியது. 2012இல் லண்டன் அலுவலகத்தை மூடி, அதை உருவாக்கி வளர்த்தவர்களை வெளியே அனுப்பியது. அதைப் பயன்படுத்திய இசைக்காரர்கள் கொதித்துப் பிரச்சாரம் நடத்தினார்கள். வெளியே வந்த குழுவை ஸ்டைன்பர்க் சேர்த்துக்கொண்டது. 2016இல் டோரிகோ என்ற புது மென்பொருள் பிறந்தது. பழையதை விட மனமில்லாதவர்கள் ஒரு பக்கமும், அதைச் செய்த மனிதர்கள் மறுபக்கமும் ஆனார்கள். மென்பொருளோடு உறவா, அதைச் செய்தவரோடு உறவா என்று கேட்டால், அதில் எழுதிப் பழகிய இசைக்காரர் எதைச் சொல்வார்?

இந்த இடத்தில் எனக்கு ஆர்மோனியம்தான் நினைவுக்கு வருகிறது. போடியிலிருந்து தேவாரம் வழியாக மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கே போனால் பண்ணைப்புரம். அங்கிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு இந்த மலையேறிப் போனார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வேட்பாளர்; வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளிகள். லயத்து வாசல்களில் பாவலர் பாடினார், ரோசம்மா ஜெயித்தார். அந்தப் பெட்டியைச் செய்த ஆசாரி யார், அவர் கடை அப்புறம் என்ன ஆனது, மகன் எடுத்து நடத்தினானா, வேறு யாருக்காவது விற்றானா என்பதெல்லாம் பாட்டுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்க முடியாது. கடை மூடப்பட்டாலும் துருத்தி காற்றை ஊதும், ரீடு பேசும். ரீடு கெட்டுப்போனால் மதுரையில் மாற்றிக்கொள்ளலாம். மலைமேல் மழையில் நனைந்தால் கட்டை உப்பிக்கொள்ளும். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் சரியாகும். விற்பனை முடிந்த நிமிஷமே கருவி வாசிப்பவனுடையதாகிவிட்டது. நண்பரின் மாடி அறையில் இருக்கும் கருவி அப்படியல்ல. வயர் இருந்தால் அது ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தன்னைச் செய்தவரிடம் அனுமதி கேட்கக்கூடியது. அனுமதி தருகிற சர்வர் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறவரைதான் வேறொரு கம்ப்யூட்டரில் அதை மறுபடி ஏற்ற முடியும். ப்ராஜெக்ட் ஃபைல் என்று அது சேமித்து வைப்பதை அதைத் தவிர வேறெதுவும் சரியாகத் திறக்காது. அதற்குள் சொருகியிருக்கும் ப்ளகின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்பெனி, தனித்தனி அனுமதி. யாராவது ஒருவர் கடையை மூடினால், பத்து வருஷத்துக்கு முன் போட்ட அம்மன் பாட்டில் நாகஸ்வரம் மட்டும் வாய் திறக்காது. ஆகவே கம்பெனி கைமாறுகிறபோது வாசிப்பவனின் வீட்டுக்குள் இருக்கிற கருவியும் சேர்ந்தே கைமாறுகிறது. செய்தி வரும்போதெல்லாம் எழுகிற உறுத்தலுக்குக் காரணம் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தன்னையும் சேர்த்து விற்கிறார்கள் என்ற உணர்வை இந்த மலைச்சரிவுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு நோக்கிக் கிளம்புகின்றன. சாந்தன்பாறைப் பக்கமும் பூப்பாறைப் பக்கமும் ஏலத்தோட்டங்களில் களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிறவர்கள். தோட்டம் கைமாறியது என்று தெரிந்தால் ஜீப்புக்குள் வருகிற முதல் கேள்வி, புது முதலாளி எப்படி என்பதுதான். எத்தனை லட்சத்துக்குப் போனது என்று கேட்பவர் குறைவு. பழைய கணக்கை ஒத்துக்கொள்வாரா, வண்டி அதே இடத்தில் நிற்குமா, கங்காணி மாறுவாரா என்றுதான் பேச்சு போகும். 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் 1950களில் 25எஃப்எஃப் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு தொழில் நிறுவனம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது, வேலை இடைமுறியாமல் தொடர வேண்டும், பழைய நிபந்தனைகளைவிடக் குறையக் கூடாது, பழைய சேவைக்காலம் கணக்கில் வர வேண்டும். இல்லையென்றால் தொழிலாளிக்கு நஷ்டஈடு என்றது அது. சட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் மலையேறியது என்பது வேறு விஷயம். ஆனால் விற்பவன், வாங்குபவன் என்ற இருவருக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு ஆள் அந்த இடத்தில் நிற்கிறான் என்பதை அது எழுத்தில் ஒத்துக்கொண்டது. அது சின்ன விஷயமல்ல. போடிமெட்டைத் தாண்டி மூணாறு போனால் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2005 ஏப்ரல் முதல் தேதி டாடா டீ தன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விலகி, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவானபோது, தொழிலாளர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். கைமாற்றத்தில் இதைவிட மரியாதையான ஏற்பாடு அதிகம் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைந்தது என்று அதே தொழிலாளிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, சங்கத் தலைவர்களையும் கிட்டே வர வேண்டாம் என்று சொல்லி, ஒன்பது நாளில் ஜெயித்தார்கள். காகிதத்தில் உடைமை இருப்பதும், முடிவெடுக்கும்போது கேட்கப்படுவதும் வேறு வேறு என்று அந்த ரோட்டில் தெரிந்தது.

மென்பொருளில் வேலை செய்கிறவனுக்கோ பங்கும் இல்லை, அவனுக்கென்று ஒரு பிரிவும் இல்லை. பாட்டுக் கேட்கிறவன் நிலைமை இன்னும் மெலிது. மலைமேல் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வரும். போடிமெட்டில் தமிழ்நாட்டு டவர் விட்டுக் கேரள டவர் பிடிக்கும். அதனால் ஜீப்காரர்கள் வீட்டிலேயே பாட்டை ஆப்புக்குள் இறக்கி வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். இறக்கி வைத்தது தன்னுடையது என்றுதான் நினைப்பு. சந்தா முடிந்தால் அது ஓடாது. 2018 மார்ச்சில் ரிலையன்ஸ் தன் ஜியோமியூசிக்கைச் சாவனோடு இணைப்பதாக அறிவித்தது, டிசம்பரில் ஜியோசாவன் வந்தது. பலருக்கு அது போனில் தானாக மாறிய ஒரு பெயர், அவ்வளவுதான். அதற்கு முன்பு 2014இல் டிங்கானா என்ற இந்தியப் பாட்டு சேவையை அமெரிக்காவின் ஆர்டியோ வாங்கியது. அடுத்த வருஷக் கடைசியில் ஆர்டியோவே திவாலாகி மூடப்பட்டது. அதன் தொழில்நுட்பத்தை 7.5 கோடி டாலருக்குப் பண்டோரா எடுத்துக்கொண்டது. யார் யாரோ பொறுக்கிச் சேர்த்த பாட்டு வரிசைகளுக்கு அந்தக் கணக்கில் விலை எதுவும் போடப்படவில்லை. இன்றும் மலை ஜீப்புகள் பலவற்றில் பென் டிரைவ் தொங்குவதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

எதிர்க்கேள்வி ஒன்று என்னை விடாமல் துரத்துகிறது. நம் ஊர்களில் ரெக்கார்டிங் அறை நடத்தியவர்களில் எத்தனை பேர் இந்த மென்பொருள்களுக்குக் காசு கொடுத்தார்கள்? க்ராக் செய்த சிடி கைக்குக் கை மாறித்தான் பெரும்பாலும் வேலை நடந்தது. காசு கொடுக்காதவனுக்குக் கோபப்பட என்ன உரிமை? இப்படிப் பலர் கொடுக்காததால்தான் சின்னக் கம்பெனிகள் நொடித்துப் பெரியவர்களிடம் போய் நிற்கின்றன என்றுகூடச் சொல்லலாம். பத்துப் பதினைந்து பேர் இருபது வருஷம் உழைத்துச் செய்ததை விற்று அவர்கள் நிம்மதியாகப் போவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த உழைப்புக்கு அது உரிய கூலி. ஆனாலும் காசு கணக்குக்கு அப்பால் ஒன்று மிஞ்சுகிறது. மாடி அறை நண்பர் அந்த மென்பொருளுக்குள் வைத்திருப்பது பணத்தை அல்ல, தன் வயசை. இறந்துபோன ஒரு கும்மிப் பாட்டுக்காரியின் குரல் அதற்குள் மட்டும்தான் தனித் தடமாக இருக்கிறது. வெளியே இருப்பது எல்லாச் சத்தமும் கலந்த ஒரே எம்பி3. அந்தக் குரலை மட்டும் பிரித்துக் கேட்க வேண்டுமென்றால் வயர் உருவப்பட்ட அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடிருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும்? வயரை உருவியது அன்றைக்குச் சரி. என்றைக்கும் அதையே நம்பியிருக்க முடியாது.

பாட்டுலகில் யாராலும் வாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று, வேறு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது ஏற்பாட்டை 1983இல் கொண்டுவந்தார்கள். போட்டிக் கம்பெனிகள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது அது. பயன்படுத்த யாரும் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காலத்துக் கம்பெனிகள் பல மூடிப்போயின, பல கைமாறின. அன்றைய மிடி கீபோர்டு ஒன்றை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைத்தால் இன்றும் பேசுகிறது. மென்பொருளை விற்கிறவர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் சட்டம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நிறுத்தப்போகிற மென்பொருள் அனுமதி கேட்காமல் ஓடும்படி கடைசியாக ஒரு பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்; அதற்குள் செய்தவற்றைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க வழி வைக்கட்டும். தொழிலாளிக்கு எழுதிய மாதிரி இதற்கும் ஒரு பிரிவு எழுதலாம். அது வருகிறவரை காத்திருக்க வேண்டாம். போடியிலும் தேனியிலும் கம்பத்திலும் ரெக்கார்டிங் அறை வைத்திருக்கும் நண்பர்கள், பழைய ப்ராஜெக்ட் ஒவ்வொன்றையும் திறந்து, குரலையும் வாத்தியத்தையும் தனித்தனித் தடமாக வேவ் ஃபைலில் எடுத்து, கீபோர்டில் வாசித்ததை மிடி ஃபைலாக எடுத்து, இரண்டு டிஸ்கில் பதிந்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். இறந்தவர்கள் குரல் இருக்கிற பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.